புதுப்பிப்பு: நெஞ்சுப் படபடப்பு, ஹோல்டர் முடிவு வந்துவிட்டது

ராத்திரி படுத்ததும் நெஞ்சு ஒரு துடிப்பை விட்டுவிட்டு 'தொம்' என்று அடிக்கிறது என எழுதியிருந்தேன் அல்லவா, அதன் தொடர்ச்சி. 24 மணி நேர ஹோல்டர் (உடம்பில் மாட்டிக்கொண்டு இதயத் துடிப்பைப் பதிவு செய்யும் சின்ன ஈசிஜி கருவி), எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, ஹீமோகுளோபின் எல்லாம் பார்த்தாயிற்று. இதயத்தில் கோளாறு இல்லை, கீழறையிலிருந்து அவ்வப்போது முந்திக்கொண்டு வரும் துடிப்புகள்தான். அப்படி ஒன்று வந்ததும் சின்ன இடைவெளி, அதற்குள் ரத்தம் கூடுதலாக நிரம்பிவிடுவதால் அடுத்த துடிப்பு பலமாக விழுகிறது. நமக்குத் தெரிவது அதுதான்.

டென்ஷனுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். நரம்புகளின் தலையீடே இல்லாவிட்டால் சைனஸ் கணு (இதயத் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்) நிமிடத்துக்கு 100 தடவை போலத் துடிக்கும், மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்புதான் பிரேக் பிடித்து 60, 70க்குக் கொண்டுவருகிறது. மன அழுத்தத்தில் அந்தப் பிடி தளர்ந்து அட்ரினலின் ஏறும்போது இதயத் தசை முறை தப்பித் துடிப்பது எளிதாகிவிடுகிறது. கூடவே தூக்கமும் கெட்டால் கேட்கவே வேண்டாம் (ஆடிட் மாதம், வேறெப்படி இருக்கும்).

மருந்து எதுவும் தரவில்லை. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விடச் சொன்னார் டாக்டர், வெளிமூச்சில் வேகஸின் பிடி கூடுமாம். எனக்கு ஓரளவு கேட்கிறது. அப்புறம், படபடப்போடு மயக்கமோ நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தால் இதையெல்லாம் படித்துக்கொண்டிருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.