நாய்க்கடியில் மஞ்சள் சிவந்தால் அது விஷமா? எட்டாம் வகுப்பில் வந்த கேள்வி (அதையொட்டி வந்த பதிவுகள், எழுதியவர்களின் புனைபெயரோடு)

அறிவியல் வகுப்பு:

நுண்ணுயிரிகள் பாடம். கரும்பலகையில் ‘ரேபிஸ்’ (வெறிநாய்க்கடி நோய்) என்று எழுதியதும் மூன்றாவது பெஞ்சுப் பையன் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக் காட்டினான். கெண்டைக்காலில் இரண்டு பல் தடம். அதன்மேல் காய்ந்து வெடித்த செக்கச்செவேல் பற்று. அதற்கும் மேலே முடிச்சு முடிச்சாகக் கறுப்புக் கயிறு. “மந்திரிச்சாச்சு டீச்சர். விஷம் சிவப்பா வெளிய வந்துடுச்சுன்னு பூசாரித் தாத்தா சொன்னாரு.” கடித்தது முந்தின நாள் சாயங்காலம், கோயில் வாசலில் படுத்திருக்கும் நாய். அதைக் காலையிலிருந்து காணோம்.

பற்றைக் கழுவி, அடுத்த மணிக்குள் பையனை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பியாயிற்று. உறுத்துவது வேறு. நாற்பது பிள்ளைகளும் ஒரே பதிலுக்குக் காத்திருந்தார்கள்: சாமி பொய்யா, பாடம் பொய்யா?

அந்தச் சிவப்பு விஷம் இல்லை, மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த நிறம். மாப்பிள்ளை பெண்ணுக்குச் சுற்றும் ஆலமும் இதேதான். மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரம் பட்டால் சிவக்கும். அதே வகுப்பின் அமிலம்-காரம் பாடத்தில் இது இருக்கிறது. நாய்க்கடியே இல்லாத கையில் பூசினாலும் சிவக்கும். செய்து காட்ட கால் டீஸ்பூன் மஞ்சள்தூளை 100 மில்லி தண்ணீரில் கலக்கி, வடிகட்டி, மூன்று டம்ளரில் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே விடுங்கள். இன்னொன்றில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் சில சொட்டு, மற்றதில் சோப்புக் கரைசல். இரண்டும் சிவக்கும். பிறகு எலுமிச்சைச் சாறு விடவிட மஞ்சள் திரும்பிவிடும். திரும்பும் அந்த நொடியில் வகுப்பே அமைதியாகிவிடும்.

கவனிக்க வேண்டியது சுண்ணாம்பு. வெற்றிலைப் பெட்டியில் நாள்பட்டுக் காய்ந்ததை எடுத்தால் சிவக்காது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடைச் சேர்த்துக்கொண்டு கால்சியம் கார்பனேட் ஆகியிருக்கும். இது சோதனையில் வரும் சின்னக் கோளாறு மட்டும் இல்லை. சிவந்தால் விஷம் வெளியேறியது என்று நம்புகிற வீட்டில், சிவக்காவிட்டால் விஷமே ஏறவில்லை என்று விட்டுவிடுவார்கள்.

ஊசி அறை:

பற்றுப் போட்டு வருபவர்களுக்கு முதல் வேலை அந்தப் பற்றை எடுப்பதுதான். நேரமும் போகும், வலியும் கூடும். சோப்பு பட்டதும் மிச்ச மஞ்சள் சிவந்து ஓடும். அம்மாக்கள் ரத்தம் என்று பதறிக் கழுவுவதை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தக் கூடாது. சோப்பும் ஓடும் தண்ணீருமாக முழுசாக 15 நிமிடம். குழாயை மெல்லத் திறந்துவிட்டால்கூட ஏறக்குறைய ஒரு குடம் தண்ணீர் ஆகும். ஒரு சொம்பு ஊற்றி அலசுவது கழுவியதாகாது. தாமதமாக வந்தாலும் கழுவத்தான் வேண்டும். அப்புறம் போவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. கட்டுப் போடுவதில்லை. காயம் பெரிது என்று உடனே தையலும் போடுவதில்லை. தவிர்க்கவே முடியாவிட்டால் சீரம் (தயார்நிலை எதிர்ப்பொருள்) செலுத்திய பிறகு, தள்ளி, தளர்வாக.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் மூன்றாம் வகை, கடிகளில் மிகக் கடுமையானது. தடுப்பூசி மட்டும் போதாது, ரேபிஸ் இம்யூனோகுளோபுலின் சீரமும் வேண்டும். குதிரைச் சீரம் என்றால் கிலோவுக்கு 40 யூனிட். பையன் 35 கிலோ என்றால் 1400 யூனிட். மில்லிக்கு 300 யூனிட் உள்ள குப்பியில் ஏறக்குறைய 4.7 மில்லி. அதைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும்தான் செலுத்த வேண்டும். ஏன் என்றால், தடுப்பூசி போட்டு உடம்பு தானாக எதிர்ப்பொருள் தயாரிக்க ஒரு வாரம் பத்து நாள் பிடிக்கும். அதுவரை வைரஸை நரம்பு வாசலிலேயே பிடித்து வைப்பது சீரம். முதல் நாள் கிடைக்காவிட்டால் முதல் தடுப்பூசியிலிருந்து ஏழு நாளுக்குள் போட்டுவிடலாம். 2025-ல் கேரளத்தில் ஊசி போட்ட பிறகும் குழந்தைகள் இறந்ததைப் படித்திருப்பீர்கள். கடி தலை, முகம், கழுத்தில் என்றால் மூளை கிட்டத்தில், விரல் நுனியில் என்றால் நரம்பு நெருக்கம். அங்கே ஒரு மணி நேரம்கூடப் பெரிது.

தோலுக்குள் போடும் முறையில் 0.1 மில்லி இடது மேல்கை, 0.1 மில்லி வலது மேல்கை. நாள் 0, 3, 7, 28. ஊசி ஏறும்போது சின்னக் குமிழ் ஆரஞ்சுத் தோல் மாதிரி எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் ஆழமாகப் போய்விட்டது, திரும்பப் போடச் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

தாமிரபரணிக்கரை:

முதல் பதிவுக்கு ஒரு கேள்வி. சோப்பும் காரம், சுண்ணாம்பும் காரம். சோப்பு வைரஸைக் கொல்லும் என்றால் சுண்ணாம்பு ஏன் கொல்லாது? பெரியவர்கள் ஒன்றும் தெரியாமலா பூசினார்கள்? இன்னொன்று, பள்ளிக்கூடத்தில் பூசாரியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது எங்கே போய் முடியும் என்றும் யோசிக்க வேண்டும்.

அறிவியல் வகுப்பு:

நல்ல கேள்வி, வகுப்பிலும் இதைக் கேட்க வைக்கலாம். சோப்பு வேலை செய்வது காரம் என்பதால் இல்லை. ரேபிஸ் வைரஸுக்கு வெளியே கொழுப்பாலான உறை இருக்கிறது. எண்ணெய்ச் சட்டியில் பிசுக்கை எடுப்பது போலச் சோப்பு அந்த உறையைக் கரைத்துவிடும், தண்ணீர் மிச்சத்தை அடித்துக்கொண்டு போகும். சுண்ணாம்புப் பற்று எதையும் அடித்துக்கொண்டு போகாது, இருந்த இடத்திலேயே உட்கார்ந்து தசையை அரிக்கும். மிளகாய்த்தூள், காபித்தூள், பச்சிலை எல்லாம் இதே கதைதான்.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

“எங்கே போய் முடியும்” என்ற பயம் வேண்டாம். அரசியலமைப்பு சமயத்தையும் அறிவியலையும் பிரித்தே வைத்திருக்கிறது. 28-ஆம் பிரிவின்படி முழுக்க அரசு நிதியில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் சமய போதனை கூடாது. 1976-ல் சேர்ந்த 51ஏ(எச்) அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை என்கிறது. ஆசிரியர் சமயத்தைப் போதிக்கவும் வேண்டாம், பழிக்கவும் வேண்டாம். 2024 ஆகஸ்டில் சென்னை அரசுப் பள்ளியில் ஊனத்துக்கு முற்பிறவிப் பாவம் காரணம் என்று ஒருவர் பேசியபோது, பார்வையற்ற ஆசிரியர் எழுந்து நின்று தட்டிக் கேட்டாரே, அந்த இடம்தான் எல்லை. நோய்க்குக் காரணம் சொல்வது பாடத்தின் வேலை. நிம்மதிக்குச் சாமி கும்பிடுவது அவரவர் வீட்டு விஷயம்.

“எங்க அண்ணனுக்கும் மந்திரிச்சுதான் சரியாச்சு” என்று பிள்ளை சொன்னால் அதை மறுக்காதீர்கள், எண்ணிப் பார்க்க வையுங்கள். 100 புளியங்கொட்டை, அதில் பத்தில் சுண்ணாம்புப் புள்ளி (பத்து என்பது கணக்குக்காக மட்டும், நோயின் விகிதம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும்). பைக்குள் போட்டுக் குலுக்குங்கள். இருபது பேருக்குக் கையில் கயிறு, இருபது பேருக்கு இல்லை. ஆளுக்கொரு கொட்டை, பார்க்காமல் எடுக்க வேண்டும். புள்ளி வந்தால் கடித்த நாய்க்கு வெறி, வராவிட்டால் நல்ல நாய். கயிறு கட்டியவர்களில் ஏறக்குறைய பதினெட்டுப் பேர் தப்புவார்கள், கட்டாதவர்களிலும் ஏறக்குறைய அதேதான். ஒரு தரம் செய்து நிறுத்தினால் ஒரு பக்கம் மூன்று புள்ளி, மறுபக்கம் ஒன்று என்று வந்து குழப்பிவிடும். நாலைந்து தரம் செய்து கூட்டிப் பாருங்கள். கடிக்கிற நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு வெறி கிடையாது, அந்தப் பெரும்பாலானவற்றின் பெயரைக் கயிறு வாங்கிக்கொள்கிறது. இதைப் பிள்ளைகளே சொல்லுவார்கள், நாம் வாய் திறக்க வேண்டியதில்லை.

1885 ஜூலை 6 அன்று வெறிநாய் கடித்த ஒன்பது வயது ஜோசப் மைஸ்டருக்கு, ரேபிஸ் தடுப்பூசியை உருவாக்கிய லூயி பாஸ்டர் ஊசி போட ஏற்பாடு செய்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இருக்கிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் கிராமத்தில் உண்டு. அந்தப் பழைய ஊசி இப்போது நாட்டில் எங்கும் இல்லை. இது தெரியாமல் மந்திரிப்புக்கு ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர்.

தெருநாய்ப் பணி:

எல்லாரும் காயத்தையே பேசுகிறீர்கள், நாயை யாரும் தேடவில்லையே! காணாமல் போன நாயை நல்ல நாய் என்று எடுத்துக்கொள்ளவே முடியாது. கண்ணில் பட்டுக்கொண்டே இருந்து, பத்து நாள் கழித்தும் தின்று குடித்து நடமாடினால்தான் கடித்த அன்று அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று சொல்லலாம். அதற்காகப் பத்து நாள் காத்திருந்து ஊசி போடுவது தப்பு. ஊசியை இன்றே தொடங்கிவிட்டு நாயைக் கவனிக்க வேண்டும்.

ஓடி ஓடிக் கடிப்பது மட்டும் வெறி இல்லை. இன்னொரு வகையில் நாய் மூலையில் ஒதுங்கிக் கிடக்கும், தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரல் மாறியிருக்கும். தொண்டையில் எலும்பு சிக்கிவிட்டது என்று இரக்கப்பட்டு வாய்க்குள் கைவிடுகிறார்கள். பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள். நாய் துரத்தினால் ஓடக் கூடாது, கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது, புத்தகப் பையை முன்னால் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, விரல்களைப் பிடரியில் கோத்துக் காதை மூடிக்கொள்ள வேண்டும்.

பைரவர் வாகனம் என்று தேய்பிறை அஷ்டமிக்குச் சோறு வைப்பதை யாரும் தடுக்க வேண்டாம். ஆனால் பள்ளிக்கூட வாசலை ஒட்டிய படிக்கட்டில், மணி அடிக்கும் நேரத்தில் வைக்கக் கூடாது. தெருநாய்களுக்கான 2023 விலங்கு இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளே வாசல், படிக்கட்டு, பிள்ளைகள் விளையாடும் இடம் மூன்றையும் விட்டுத் தள்ளி, அவர்கள் நடமாடாத நேரத்தில் வைக்கச் சொல்கின்றன. பூசாரித் தாத்தாவிடம் போய் நாய்க்கு இடம் மாற்றிக் கேளுங்கள், கேட்பார். கையோடு இன்னொன்றும் கேளுங்கள்: ஊசிச் சீட்டைக் காட்டினால்தான் கயிறு. மஃரிப் (அந்தி) தொழுகை முடிந்து பள்ளிவாசல் வாசலில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓதி ஊத நிற்கிறார்களே, அங்கேயும் இதையே சொல்லி வைக்கலாம்.

தாமிரபரணிக்கரை:

சோப்பு விஷயம் புரிந்தது. கயிறு கட்டியபின் ஊசி போட்டால் மந்திரம் முறிந்துவிடும் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். அதற்குப் பூசாரி வாயால் பதில் வந்தால்தான் எடுபடும்.

ஊசி அறை:

அந்தப் பையனுக்கு முதல் ஊசி நவம்பர் 28 என்றால் அடுத்தவை டிசம்பர் 1, 5, 26. கடைசித் தேதி அரையாண்டு விடுமுறைக்குள் வருகிறது. நாலாவது ஊசி பெரும்பாலும் இப்படித்தான் விட்டுப்போகிறது. காயம் ஆறியிருக்கும், பிள்ளை பாட்டி ஊரில் இருக்கும். எந்த அரசு மருத்துவமனையிலும் போட்டுக்கொள்ளலாம், சீட்டு மட்டும் கையில் இருக்க வேண்டும். லீவு விடும் அன்று அவன் டைரியில் 26 என்று எழுதி, அம்மாவிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள் டீச்சர்.