ஓலந்து கட்டுரை: மூன்று ஆதாரம், மூன்று வருடம், எதைப் போடுவது?

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
வணக்கம். தமிழ் விக்கிப்பீடியாவுக்காக ஓலந்து தீவுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். (ஒல்லாந்து இல்லை; வீட்டுக்காரியே இரண்டு தடவை கேட்டுவிட்டாள்.) பின்லாந்துக்குள் இருந்தாலும் அங்கே ஆட்சிமொழி ஸ்வீடிஷ் மட்டும்தான். பாலக்காட்டு எல்லையில் முப்பது வருடம் தமிழ் மீடியம் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவனை இது இழுக்காமல் என்ன செய்யும்?

தன்னாட்சி வந்த வருடம் ஓர் ஆதாரத்தில் 1920, இன்னொன்றில் 1921, மற்றொன்றில் 1922. நாலாவது சுட்டியைத் தட்டினால் பக்கமே இல்லை. மிச்சமெல்லாம் ஸ்வீடிஷ். ஆங்கிலக் கட்டுரையின் அடிக்குறிப்புகளை அப்படியே எடுத்து ஒட்டச் சொல்கிறான் பேரன். படிக்காமல் ஒட்டலாமா?

செங்கோட்டைக்காரன்:
சார், மூன்றும் சரிதான். பின்லாந்து நாடாளுமன்றம் தன்னாட்சிச் சட்டம் போட்டது 1920 மே மாதம். தீவுக்காரர்கள் கேட்டது அதையல்ல, ஸ்வீடனோடு சேரத்தான். விவகாரம் உலக நாடுகள் சங்கத்துக்குப் போய், 1921 ஜூனில் முடிவு வந்தது: தீவு பின்லாந்துக்கு, ஆனால் ஸ்வீடிஷ் மொழிக்கும் பழக்கவழக்கத்துக்கும் உத்தரவாதம். தீவின் சட்டமன்றம் முதலில் கூடியது 1922 ஜூன் 9. அதைத்தான் இன்றும் தன்னாட்சி நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

எங்கள் ஊர்க் கதையும் இதேதான். மாநிலச் சீரமைப்புச் சட்டம் 1956 ஆகஸ்ட் 31; செங்கோட்டை தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது நவம்பர் 1. தாத்தா வீட்டுப் பத்திரத்தில் இன்னும் திருவிதாங்கூர் சங்கு முத்திரைதான், மடிப்பில் பாதி கிழிந்து. எந்த ஆதாரம் எந்தச் சம்பவத்தைச் சொல்கிறது என்று பார்த்து, அந்தந்த வரியில் வையுங்கள்.

வாளையார் ரயிலடி:
படிக்காததை ஒட்டாதீர்கள். நான் ஒட்டி மாட்டியிருக்கிறேன்: வேறொரு தீவின் மக்கள்தொகைக்கு வைத்த அடிக்குறிப்பைத் திறந்தால் படகு நேர அட்டவணை!

இப்போதைய தன்னாட்சிச் சட்டம் 1991இல் நிறைவேறி 1993இல் அமலுக்கு வந்தது. பின்லாந்துச் சட்டங்களைப் போடும் பின்லெக்ஸ் தளத்தில் ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆட்சிமொழிக்கு 36ஆம் பிரிவு, பள்ளிக்கு 40. மக்கள்தொகை சுமார் 30,000, எந்த வருடக் கணக்கு என்பதையும் சேர்த்துப் போடுங்கள். செத்த சுட்டியை, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் தேடுங்கள், பழைய நகல் மாட்டும்.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்:
40ஆம் பிரிவைப் படித்தேன். அரசுப் பணத்தில் நடக்கிற பள்ளியில் பாடமொழி ஸ்வீடிஷ், தீவே வேறு சட்டம் போட்டாலொழிய. எழுந்துபோய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி படித்தேன். அந்த வரியை நானே தமிழில் எழுதி ஆதாரத்தோடு சேர்த்துவிட்டேன். நாலாவது சுட்டியின் பழைய நகலும் கிடைத்தது, அதுவும் ஸ்வீடிஷ். விட்டுவிட்டேன்.