ஏசி நின்றது, கேஸ் குறையவில்லை

பழைய காரில் ஏசி குளிரவில்லை என்றதும் எல்லாரும் சொல்வது, “கேஸ் தீர்ந்திருக்கும்.” அதை நம்பி ஒரே கோடையில் இரண்டு முறை நிரப்பினேன். பெட்ரோலைப் போல எரிந்து தீரும் பொருள் அல்ல அது. மூடிய குழாய்களுக்குள் சுற்றிக்கொண்டே இருப்பது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது. கசிவைத் தேடாமலே நிரப்பித் தந்த கடைக்காரர் மீது இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

என்னுடையது 2003-ல் வாங்கிய சிறிய கார். மதுரையில் கிளம்பினால் கொடைரோடு வரை நன்றாகக் குளிரும். அதன் பிறகு வெறும் காற்றுதான். வண்டியை நிறுத்தி அரை மணி நேரம் ஆறவிட்டால் மீண்டும் குளிரும். மே மாதத்தில் அம்மாவைப் பழனிக்கு அழைத்துப் போனபோது, பாதி வழிக்கு மேல் அவர் முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தார். அன்றுதான் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் விடக்கூடாது என்று முடிவெடுத்தேன்.

ஆறினால் சரியாகிறது என்பதுதான் துப்பு. கேஸ் கசிந்து போயிருந்தால் வண்டி ஆறியதும் அது திரும்பி வந்துவிடாது. உள்ளே பனிக்கட்டி பிடித்து அடைத்தாலும் இப்படி விட்டுவிட்டுக் குளிரும். ஆனால் அப்போது காற்றின் வேகமே குறையும். என் காரில் காற்று குறையவில்லை, குளிர்ச்சி மட்டும் போனது.

திண்டுக்கல்லில் தகரக் கொட்டகையில் வேலை செய்யும் ஓர் எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் போனேன். கோளாறு வரும்வரை இன்ஜினை ஓடவிட்டுக் காத்திருந்தார். பிறகு பானட்டைத் திறந்து காட்டினார். கேஸை அழுத்திச் சுற்றவிடும் கம்ப்ரசரின் புல்லி சுற்றுகிறது, ஆனால் காந்தத்தால் புல்லியோடு ஒட்டி கம்ப்ரசரை ஓட்ட வேண்டிய கிளட்ச் தட்டு அதன் முன்னால் அசையாமல் நிற்கிறது. கம்ப்ரசருக்கு வரும் வயரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். 13.8 வோல்ட். “கரண்ட் வருகிறதே அண்ணே” என்றேன்.

“கழற்றி வைத்துப் பார்த்தால் நூல் மாதிரி ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட் காட்டும் தம்பி. மாட்டிவிட்டுப் பார்க்க வேண்டும்.”

வயரை மாட்டி, இணைப்பின் பின்பக்கமாக ஊசியைச் செருகி அளந்தார். 10.4. மூன்று வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்திருந்தது.

கிளட்சுக்குக் கரண்ட் அனுப்பும் சுவிட்சான ஏசி ரிலேவைப் பிடுங்கியதும் விடை தெரிந்தது. அதன் நான்கு கால்களில் ஒன்று மட்டும் பழுப்பேறியிருந்தது. அந்தக் கால் நுழையும் துளையைச் சுற்றி பிளாஸ்டிக் கருகி இளகியிருந்தது. உள்ளே இருந்த பித்தளைக் கவ்வியின் பிடி தளர்ந்து, அந்த இடம் சூடாகி, சூட்டில் இன்னும் தளர்ந்துகொண்டே போயிருக்கிறது. மறுபக்கம் தட்டை இழுக்கும் செம்புக் கம்பிச் சுருளும் ஓட ஓடச் சூடாகும். சூடான செம்பில் மின்தடை கூடும், காந்த இழுவை குறையும். போதாக்குறைக்கு இத்தனை வருடத் தேய்மானத்தில் தட்டுக்கும் புல்லிக்கும் நடுவே இடைவெளி அகன்றிருந்தது. மூன்றும் சேர்ந்ததால்தான் குளிர்ந்த வண்டியில் ஒட்டிய கிளட்ச், சூட்டில் ஒட்டவில்லை.

ரிலேயை மட்டும் மாற்றினால் தளர்ந்த கவ்வி புது ரிலேயையும் கருக்கிவிடும் என்று சொல்லி, கவ்வியையும் புதிதாகப் போட்டார். கிளட்சிலிருந்து மெல்லிய வளையம் ஒன்றை எடுத்து இடைவெளியைக் குறைத்தார். மாட்டிய நிலையிலேயே 13.5 வந்தது. ‘டக்’ என்று கிளட்ச் ஒட்டிய சத்தம் கேட்டதும் எனக்கு அப்படியொரு நிம்மதி.

மூன்றாம் முறை கேஸ் நிரப்பப் போகிறவர்கள், எத்தனை கிராம் என்று பானட்டின் அடியில் ஸ்டிக்கர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அளவு மீறினாலும் குளிராது.

மைத்துனரின் பழைய காரில் வேறு கோளாறு, ஆனால் அங்கும் ஓடும்போது அளந்ததுதான் கைகொடுத்தது. புளோயரைக் கூட்டினால் ஹெட்லைட் மங்கும். பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே, விளக்கும் புளோயரும் ஓடும்போதே அளந்தோம். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் 1.2 வோல்ட். பேட்டரியைப் பாடியோடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டுக்கடியில் பச்சைத் தூள் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கிய பின் 0.05.