புதுப்பிப்பு: ஹபிள் படத்தில் காணாமல் போன தூசிக் கலக்சி அகப்பட்டது

பதில் தந்த எல்லாருக்கும் நன்றி. என்ர கேள்வி இதுதான்: எச்.டி.எஃப். 850.1 என்ற தூரத்துத் தூசிக் கலக்சி இருக்கவேண்டிய இடத்தில், ஹபிள் விண்தொலைநோக்கிப் படத்தில் ஒன்றுமே இல்லை, ஆள்கூறு பிழையோ?

ஆள்கூறு சரி, இரண்டு தரம் பார்த்தேன். "ஜேம்ஸ் வெப் விண்தொலைநோக்கியின்ர 4.4 மைக்ரோன் அகச்சிவப்புப் படத்தை எடுத்துப் பாருங்கோ" என்ற அண்ணை சொன்னதுதான் சரிவந்தது. பெரிய கோப்பு. கிளிநொச்சியில் இரவு டேட்டாவில் இறக்க, முக்கால்வாசியில் கரண்டும் போய், திரும்பவும் முதலில இருந்து.

ஹபிளில் தெரியாததற்குக் காரணம் தூசி. சோளகக் காலத்தில் கிரவல் ரோட்டால் டிப்பர் போனால், பின்னால் வாற மோட்டர்சைக்கிள் லைட் மங்கிச் சிவக்குமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. தூசி விண்மீன்களின் நீல ஒளியை விழுங்கி, சூடாகி, அகச்சிவப்பாய் விடுகிறது. செம்பெயர்ச்சி 5.18, அதாவது பிரபஞ்சம் விரிவதால் ஒளியின் அலைநீளம் வழியில் 6.18 மடங்காக நீண்டுவிடுகிறது. அதனால் ஏறக்குறைய 137 மைக்ரோனில் புறப்பட்டது எங்களுக்கு 850 மைக்ரோனில் வந்து சேருகிறது. 1998இல் ஹவாயில் தொலைநோக்கியில் பூட்டின ஸ்கூபா என்ற கமரா பிடித்தது அதைத்தான். ஆனால் தூரம் உறுதியாக 2012 ஆகிவிட்டது!

எதிர்பாராதது: பக்கத்தில் பளிச்சென்று ஒரு நீள்வட்டக் கலக்சி. அது எங்களுக்குக் கிட்ட, முன்னுக்கு நிற்பது. அதைத்தான் எச்.டி.எஃப். 850.1 என்று நினைத்து ஒரு மணித்தியாலம் மினக்கெட்டேன். மற்றது, வெப் படத்தில் இரண்டு பொட்டுகள். நடுவில் தூசி தடிப்பு என்பதால் பிரிந்து தெரிகிறதாம்.