கட்டியை எடுத்தாச்சு, பிறகும் மூன்று வருடம் மாத்திரையா?

கரூர்_செல்வி:
அம்மாவுக்கு 61 வயது. பீடிப் புகை பட்டாலே மூக்கைப் பொத்துவார். வேறு எதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்து, வலது நுரையீரலின் மேல்மடலை எடுத்தார்கள். ஸ்டேஜ் 2பி. வெட்டிய ஓரங்கள் சுத்தம், ஒரு நெறிக்கட்டியில் மட்டும் புற்று. கட்டியின் மரபணுச் சோதனையில் ஈஜிஎஃப்ஆர் எக்ஸான் 19 டெலீஷன் (புற்றைத் தூண்டும் ஒரு மரபணு மாற்றம்) பாசிட்டிவ். கீமோ முடிந்தது. இப்போது அந்த மாற்றத்தைக் குறிவைக்கும் ஓசிமெர்ட்டினிப் மாத்திரை 80 மில்லிகிராம், தினம் ஒன்று, மூன்று வருடம் என்கிறார் டாக்டர். ஸ்கேனில் ஒன்றுமில்லையே, எதற்கு மாத்திரை என்கிறார் அம்மா. விலையைக் கேட்ட மாமா, "எல்லாம் கம்பெனிக்காரன் வேலை" என்கிறார். திரும்பி வந்தால் அப்போது ஆரம்பித்தால் போதாதா?

மாத்திரை_அட்டை:
புற்றுநோய் வார்டு மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வயலை உழுது சுத்தம் செய்தாலும் கோரைக்கிழங்கு அடியில் கிடக்கும் இல்லையா, அப்படித்தான் இது. நெறிக்கட்டி வரை போன நோயில், ஸ்கேன் கண்ணுக்குத் தெரியாத செல்கள் வேறெங்காவது தங்கியிருக்கலாம்.

கீமோவின் பலனை ஐந்து பெரிய சோதனைகளை, 4,584 பேரின் விவரங்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்தாண்டு உயிரோடிருப்பவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூடினார்கள், அவ்வளவுதான்.

உங்கள் டாக்டர் சொல்லும் மாத்திரைக்கு ஆதாரம் அடாரா சோதனை. இதே ஈஜிஎஃப்ஆர் மாற்றம் உள்ள 682 பேர். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை; யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. 2020-ல் கண்காணிப்புக் குழுவே, குறித்த காலத்துக்கு இரண்டு வருடம் முன்னதாக முடிவைத் திறக்கச் சொன்னது. ஸ்டேஜ் 2, 3ஏ ஆட்களில் நான்காண்டு கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள் மருந்து வாங்கியவர்களில் 70 சதவீதம், வெற்று மாத்திரையில் 29. மாமாவிடம் இந்த 29-ஐச் சொல்லுங்கள். அவர்களுக்கும் ஆபரேஷன் நடந்தது, அவர்கள் ஸ்கேனும் சுத்தமாகத்தான் இருந்தது.

பிறகு 2023-ல் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர் கணக்கு வந்தது: அதே ஸ்டேஜ்களில் மருந்து வாங்கியவர்களில் 85 சதவீதம், வெற்று மாத்திரையில் 73.

கோவை_ராஜன்:
மாமா கேட்பதிலும் நியாயம் உண்டு, சார். வெற்று மாத்திரை வாங்கியவர்களுக்கு நோய் திரும்பியபோது எல்லோருக்கும் ஓசிமெர்ட்டினிப் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த இடைவெளி குறைந்திருக்குமா?

மாத்திரை_அட்டை:
குறைந்திருக்கலாம், தம்பி. அந்தக் குறை உண்மைதான். ஆனால் திரும்பும்போது மூளையில் போய் உட்கார்ந்தால் என்ன செய்வது? இந்த மருந்து மூளைக்குள்ளும் எட்டும், அங்கே திரும்புவதையும் குறைத்தது. முற்றிய நோயில் நல்ல பலன் தந்த மாத்திரை இங்கும் தந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. இதே வகையைச் சேர்ந்த எர்லோட்டினிப் ஆபரேஷனுக்குப் பிறகான சோதனையில் தோற்றது. நுரையீரல் புற்று திரும்பாமலிருக்க மேஜ்-ஏ3 என்ற தடுப்பூசியை ஆபரேஷன் முடிந்த 2,272 பேரிடம் பார்த்தார்கள், பலன் ஒன்றும் இல்லை. அதனால்தான் சோதனை இல்லாமல் நான் எதையும் நம்புவதில்லை.

சேலம்_பாபு:
அக்கா, என் மனைவி இதே மாத்திரைதான். வயிற்றுப்போக்கு ஆரம்பத்தில் பாடாய்ப் படுத்தியது, ஓஆர்எஸ் பாக்கெட் கைப்பையிலேயே இருக்கும். இப்போது தொல்லை நகச்சுத்திதான். கட்டைவிரல் ஓரம் சிவந்து வீங்கி, புளி கரைக்க விரல் வைக்க முடியாது. நகத்தை ஒட்ட வெட்ட விடாதீர்கள், பாத்திரம் கழுவ கையுறை கொடுங்கள். விலை விஷயத்தில், 2024 ஜூலை பட்ஜெட்டில் இதற்குச் சுங்க வரியை எடுத்தார்கள். கம்பெனியின் உதவித் திட்டம் உண்டா என்று ஆஸ்பத்திரியில் கேளுங்கள், நாங்கள் அதில்தான் ஓட்டுகிறோம்.

கரூர்_செல்வி:
நன்றி அண்ணா, நன்றி சார். 29 சதவீதம் என்றதும் மாமா பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா தினமும் காலையில் அல்சருக்கு பான்டோபிரசோல் போடுகிறார். சேர்த்துப் போடலாமா?

மாத்திரை_அட்டை:
போடலாம். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையோடு சேர்ந்தால் உடம்பில் சரியாக ஏறாத தகராறு, இதே வகையைச் சேர்ந்த எர்லோட்டினிப், ஜெஃபிட்டினிப்புக்குத்தான். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எழுதினால் மட்டும் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள், அது இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் இறக்கிவிடும். இந்த மருந்து இதயத் துடிப்பைப் பாதிக்கலாம், ஆரம்பிக்கும் முன் ஈசிஜி எடுத்தார்களா? அபூர்வமாக நுரையீரலில் அழற்சியும் வரலாம்; புதிதாக மூச்சுத் திணறலோ வறட்டு இருமலோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் டாக்டருக்கு போன் போடுங்கள்.