புதுப்பிப்பு: நைட்ரேட் பூஜ்ஜியம் காட்டியதன் காரணம்

மீன்தொட்டி நீரில் நைட்ரேட் எப்போதும் பூஜ்ஜியமாகவே வருகிறதே, நம்பலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். நம்பக் கூடாது என்பது இப்போது உறுதியாகிவிட்டது. நைட்ரேட்டை உறிஞ்சச் செடிகளே இல்லாத, மாதக்கணக்கில் மீன்கள் வாழும் தொட்டியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்ஜியமாக இருந்தால், மீன் கழிவில் வரும் அம்மோனியா பாக்டீரியாக்களால் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாறியிருக்கும், அந்த நைட்ரேட் நீரில் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம்தான் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது.

பிழை நீரில் இல்லை, சோதனைப் பெட்டியின் இரண்டாவது குப்பியில் இருந்தது. அதிலுள்ள கரையாத நுண்துகள்கள் அடியில் படிந்து இறுகிவிட்டதால், மேலிருந்த தெளிந்த திரவத்தை மட்டுமே இத்தனை நாளும் சொட்டுவிட்டிருக்கிறேன். குப்பியை மேசையில் தட்டி, அரை நிமிடம் பலமாகக் குலுக்கி, சொட்டுகள் விட்டபின் சோதனைக் குழாயையும் ஒரு முழு நிமிடம் குலுக்கியபோது, வெளிர் மஞ்சளாகவே நின்ற நீர் ஐந்து நிமிடத்தில் செம்மஞ்சளாக மாறியது.

அதோடு விடாமல், 1.63 கிராம் பொட்டாசியம் நைட்ரேட்டை காய்ச்சி வடித்த நீரில் கரைத்து 1 லிட்டராக்கி, அதில் 20 மில்லிலிட்டரை மீண்டும் 1 லிட்டராக நீர்க்கச் செய்து, லிட்டருக்கு 20 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள ஒப்பீட்டுக் கரைசலையும் சோதித்தேன். வண்ண அட்டையில் 20-க்கான நிறமே வந்தது. தொட்டி நீரோ அதைவிட அடர்ந்த நிறம் காட்டியது. ஆகவே நைட்ரேட்டைக் குறைக்க இன்று கால் பங்கு நீரை மாற்றியிருக்கிறேன், இரண்டு நாள் கழித்து மறுபடியும் மாற்றுவேன்.