நின்றுபோன கேம் தொடர் மறுபடி வரும் என்று காத்திருந்த அனுபவம் உண்டா? எழுதுங்கள்

ஷென்மூ இரண்டாம் பாகத்தை முடித்தவர்களுக்கு அந்தக் குகை மறந்திருக்காது. ரியோவும் ஷென்ஹுவாவும் உள்ளே நிற்கிறார்கள். எதிரே பாறைச் சுவரில் பிரம்மாண்டமான டிராகனும் ஃபீனிக்ஸும். அப்பாவைக் கொன்றவனைத் தேடிப் புறப்பட்ட பையனின் கதை அந்த இடத்தோடு நின்றுவிட்டது. அது 2001. மூன்றாம் பாகம் உண்டு என்று உறுதியாகக் காதில் விழுந்தது 2015 ஜூன் மாதம்தான்.

நடுவில் முதல் பாகத்தைத் திரும்பத் திரும்ப ஆடினேன். வீட்டிலுள்ள இழுப்பறைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்க்கலாம். தெருவில் எதிர்ப்படுகிறவர்களுக்குத் தனித்தனியாகப் பேர், வேலை, வீடு திரும்பும் நேரம் எல்லாம் உண்டு. இரவில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றால் கேமுக்குள் இரவாகும் வரை பொழுதைப் போக்கித்தான் ஆக வேண்டும். பலருக்கு இது எரிச்சல். எனக்கு அந்த வெற்று நேரம்தான் உயிர். ஆர்கேடுக்குப் போய் ஹேங்-ஆன் ஆடுவேன். பொம்மை மெஷினில் காசு போடுவேன். மழை பெய்தால் சும்மா தெருவில் நடப்பேன்.

2015-ல் இ3 என்ற கேம் கண்காட்சி விழாவில் சோனி மேடையில் ஷென்மூவை உருவாக்கிய யூ சுசூகி வந்து நின்றபோது நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியில் உட்கார முடியவில்லை. ரசிகர்களிடம் பணம் திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் தளத்தில் அதன் பக்கத்தைத் திறந்தால் கூட்டம் தாங்காமல் திணறுகிறது. 20 லட்சம் டாலர் இலக்கு ஒன்பது மணி நேரத்துக்குள் நிறைந்துவிட்டது. கடைசியில் சேர்ந்தது 63 லட்சம் டாலருக்கும் மேல், கொடுத்தவர்கள் ஏறத்தாழ 69,000 பேர். அந்தப் பட்டியலில் நானும் இருக்கிறேன் என்பதில் எனக்கு இன்றைக்கும் பெருமை.

2019 நவம்பரில் கேம் வந்தது. பழைய பாணி, மெதுவாகப் போகிறது என்று விமர்சனங்கள் வந்தன. உண்மைதான். ஆனால் அந்த மெதுவான நடைக்காகத்தான் நான் காத்திருந்தேன். அதை யாராவது வேகப்படுத்தியிருந்தால் எனக்கு அது ஷென்மூவாகவே இருந்திருக்காது. கதை இந்தப் பாகத்திலும் முடியவில்லை என்பது மட்டும் மனதில் கிடந்து உறுத்துகிறது.

சரி, உங்கள் முறை. அடுத்து எது வரும், எப்போது வரும் என்ற ஊகங்கள் வேண்டாம். உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்.

* * *

கிடைத்தவர்களின் கதையைத் தொடங்கி வைத்துவிட்டீர்கள், கிடைக்காதவர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். மெகா மேன் லெஜண்ட்ஸ் 2 வெளியான ஆண்டு 2000. அதன் முடிவில் நாயகன் நிலவில் மாட்டிக்கொள்கிறான். அவனைக் கீழே கொண்டுவர அவன் தோழி ரோல் ஒரு ராக்கெட் கட்டுகிறாள். அவ்வளவுதான், அதோடு சரி.

2010-ல் மூன்றாம் பாகம் அறிவித்தார்கள். அதை உருவாக்குவதிலேயே ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். புது நாயகியின் தோற்றம் எப்படி இருக்க வேண்டும் என்று எங்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். நான் வாக்களித்த படத்தை அப்படியே சேமித்து வைத்திருந்தேன். 2011 ஜூலையில் ரத்து என்று அறிவிப்பு வந்தது. நிலவிலிருந்து அவனை இறக்குங்கள் என்று கேட்டு ரசிகர்கள் ஒரு லட்சம் பேரைத் திரட்டினார்கள். பலன் இல்லை.

வரவே வராது என்று முதலிலேயே சொல்லியிருந்தால் ஆறிப்போயிருக்கும். வீட்டுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்த பிறகு விளக்கை அணைத்தார்கள். அந்த வலி எனக்கு இன்னும் போகவில்லை.

* * *

என் கேமில் அடுத்த பாகம் என்ற பேச்சே கிடையாது. ஒரு நகரத்தையே அணைத்தார்கள்.

சிட்டி ஆஃப் ஹீரோஸ், 2004-ல் தொடங்கிய ஆன்லைன் கேம். நமக்கான சூப்பர் ஹீரோவை நாமே உருவாக்க வேண்டும். முகமூடி, பூட்ஸ், நிறம், அவனுக்கு ஒரு முன்கதை என்று எழுதி முடிக்கவே எனக்கு ஒரு முழு ராத்திரி ஆகும். ஆரம்ப காலத்தில் இருபதாம் நிலைக்கு வந்தால்தான் முதுகில் கேப் போட முடியும். அதற்கும் உள்ளே ஒரு காரணம் வைத்திருந்தார்கள்: போரில் உயிரைக் கொடுத்த ஒரு ஹீரோவுக்கான மரியாதை. அந்த கேப் கிடைத்த அன்று கட்டிடங்களுக்கு மேலே காரணமே இல்லாமல் பறந்துகொண்டிருந்தேன்.

2012 ஆகஸ்ட் முடிவில் மூடப்போவதாக அறிவிப்பு வந்தது. செப்டம்பரில் ஒருநாள் எல்லோரும் கேமுக்குள் இருக்கும் அட்லஸ் பார்க்கில் கூடினோம், உலகத்தைத் தோளில் தாங்கி நிற்கும் அந்தச் சிலை இருக்கிற இடத்தில். ஒவ்வொரு ஹீரோ கையிலும் ஒரு தீப்பந்தம். இடம் போதாமல் அதே பூங்காவின் பிரதிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன, அவையும் நிரம்பின. நவம்பர் 30-ம் தேதி இரவு சர்வர் நின்றது. கடைசி நிமிடத்தில் என் பக்கத்தில் நின்றவரை அதற்கு முன்னால் எனக்குத் தெரியாது. இருவரும் பேசிக்கொள்ளவில்லை, கை மட்டும் அசைத்தோம்.

பிறகு 2019-ல் ஒரு செய்தி வெளியே வந்தது. ஒரு சிறு குழு பல வருடமாக ரகசியமாக ஒரு சர்வர் நடத்தி வந்திருக்கிறது. முதலில் எல்லோருக்கும் கோபம்தான். எங்களை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் மட்டும் உள்ளே இருந்தீர்களா என்று. ஆனால் சீக்கிரமே அந்த சர்வரின் புரோகிராம் கோட் பொதுவில் வந்தது, யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய சர்வர்கள் திறந்தன. அதில் ஹோம்கமிங் என்ற ரசிகர் குழுவுக்கு 2024 ஜனவரியில் உரிமையாளரிடமிருந்து முறையான உரிமமே கிடைத்தது.

என் பழைய ஹீரோவை நினைவிலிருந்து மறுபடி செய்தேன். பூட்ஸின் நிறம் மட்டும் சரியாக வரவில்லை, பழைய படம் ஒன்றைத் தேடி எடுத்து ஒப்பிட்டுப் பார்த்துச் சரிசெய்தேன். எத்தனையோ நிறுவனங்கள் பழைய கேமை உரிமையோடு பூட்டி வைத்திருக்கின்றன. இங்கே அதைக் காப்பாற்றி நடத்திக் காட்டியவர்கள் ரசிகர்கள். உரிமம் அதற்கு அப்புறம் வந்தது. இந்த வரிசையை நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன்.

* * *

மேலே எழுதிய நண்பரின் கடைசி வரிகள்தான் நின்டெண்டோவின் மதர் 3 கேம் ரசிகர்களின் கதையும். 2006-ல் ஜப்பானில் மட்டும் வந்தது. ஆங்கிலத்தில் இன்றுவரை அதிகாரபூர்வமாக வரவில்லை. 2008-ல் ரசிகர்களே மொழிபெயர்த்து, கேமில் சேர்த்து ஆடுகிற பேட்ச் ஒன்றை வெளியிட்டார்கள். முன்னால் நின்றவர் க்ளைட் மண்டேலின், தொழில்முறை மொழிபெயர்ப்பாளர். பின்னாளில் அவர், அதிகாரபூர்வமாக வெளியிடுவதாக இருந்தால் என் மொழிபெயர்ப்பை இலவசமாகவே எடுத்துக்கொள்ளலாம் என்றுகூடச் சொன்னார்.

அந்த பேட்ச் இல்லாவிட்டால் நாயகன் லூகாஸின் அம்மாவுக்கு என்ன ஆனது என்று எனக்குத் தெரிந்திருக்காது. முதல் அத்தியாயத்தில் தீ மூட்டிய இடத்தில் அப்பா ஃப்ளின்ட் செய்தி கேட்டு உடைந்துபோகும் காட்சி இருக்கிறதே, சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன உருவம்தான், முகமே சரியாகத் தெரியாது. நான் கேமை நிறுத்திவிட்டு எழுந்து போய்விட்டேன். மறுநாள்தான் தொடர முடிந்தது.

சண்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. பின்னணி இசையின் தாளத்துக்குச் சரியாக பட்டனைத் தட்டினால் அடி மேல் அடி விழும், பதினாறு வரை போகலாம். சில எதிரிகளின் இசை வேண்டுமென்றே தாளம் தப்பும். அப்போது காதைத் தீட்டிக்கொண்டு ஆட வேண்டும். இதைப் போல இன்னொரு கேமை நான் பார்த்ததில்லை.

* * *

சுருக்கமாக. என் பிஎஸ்4-ல் பி.டி. இன்னும் இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இலவசமாக வந்த அந்த ஒற்றைத் தாழ்வாரம், சைலன்ட் ஹில்ஸ் என்ற புதுப் பாகத்துக்கான முன்னோட்டம். அடுத்த ஆண்டே அந்தப் பாகம் ரத்தானது, பி.டி.யையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அழித்துவிட்டால் மறுபடி இறக்க முடியாது. அதனால் இந்தக் கன்சோலை விற்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை. 2024-ல் சைலன்ட் ஹில் 2 ரீமேக் வந்தபோது தொடர் மறுபடி எழுந்த சந்தோஷம் எனக்கும் இருந்தது. ஆனால் தாழ்வாரத்தின் அந்த மூலையைத் திரும்பும்போது வருகிற பயம் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

* * *

எஃப்-ஸீரோ பந்தய கேம் தொடரின் ரசிகர்கள் யாரும் இல்லையா? ஜிஎக்ஸ் 2003-ல் வந்தது, அடுத்த ஆண்டு ஜப்பானில் மட்டும் கிளைமாக்ஸ். அதற்குப் பிறகு ஒன்றுமே இல்லை. அதன் நாயகன் கேப்டன் ஃபால்கனை ஸ்மாஷ் பிரதர்ஸ் என்ற சண்டை கேமில் பார்த்து ஆறுதல் அடைய வேண்டிய நிலை. சின்னப் பிள்ளைகள் அவரை ஏதோ குத்துச்சண்டைக்காரர் என்றே நினைத்தார்கள்.

2023 செப்டம்பரில் திடீரென்று எஃப்-ஸீரோ 99. அறிவித்த அன்றே வெளியீடு. பழைய சூப்பர் நின்டெண்டோ பாணியில் 99 பேர் ஓடும் பந்தயம். இத்தனை காலம் காத்திருந்தது இதற்கா என்று பலர் கொதித்தார்கள். நான் கருத்து எதுவும் சொல்லாமல் உள்ளே போனேன். இதில் வேகத்தைக் கூட்ட பூஸ்ட் போட்டால் வண்டியின் சக்தி குறையும். அதே சக்திதான் உயிரும். கடைசிச் சுற்றில் முன்னால் போக வேண்டுமானால் உயிரைச் செலவழிக்க வேண்டும், பின்னால் வருகிறவன் ஒரு இடி இடித்தால் வெடித்துவிடுவோம். மூன்றாவது இடத்தில் ஓடிக்கொண்டிருக்கிறேன், ஒரு பூஸ்டுக்கு மட்டும் சக்தி மிச்சம், முன்னே இரண்டு பேர். போட்டேன். கோட்டைத் தாண்டியபோது கை நடுங்கியது. எஃப்-ஸீரோ என்றால் எனக்கு இந்த நடுக்கம்தான். படம் எந்தக் காலத்துப் பாணியில் இருந்தால் என்ன?

ஷென்மூ நண்பர் சொன்னதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது. எது திரும்பி வர வேண்டும் என்று நமக்குள் தெளிவு இருந்தால், வருவது எந்த வடிவத்தில் வந்தாலும் அடையாளம் தெரிகிறது.

* * *

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். 1999-ல் வந்த போர் உத்தி கேம், 2000-ல் கான்குவரர்ஸ் என்ற விரிவாக்கம், அதோடு அந்தப் பாகத்துக்குப் புதிதாக எதுவும் வரவில்லை. ஆனால் ஆடுகிறவர்கள் நிறுத்தவே இல்லை. ரசிகர்கள் சிலர் ஃபர்காட்டன் எம்பயர்ஸ் என்று ஒரு மோட், அதாவது கேமை மாற்றி ஆடும் ரசிகர் வடிவம், செய்தார்கள், புதிய நாகரிகங்களோடு. 2013-ல் அந்த ரசிகர் மோட்தான் அதிகாரபூர்வ விரிவாக்கமாக வந்தது. பொழுதுபோக்காகச் செய்தவர்கள் தொழிலாகவே செய்யத் தொடங்கினார்கள். 2019-ல் டெஃபினிட்டிவ் எடிஷன் என்ற புதுப்பித்த பதிப்பு.

2022-ல் டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா என்ற விரிவாக்கம் வந்து திராவிடர்கள் தனி நாகரிகமானார்கள். முதல் ஆட்டத்தில் ஒரு கிராமத்தானைக் கிளிக் செய்தேன், தமிழில் பதில் சொன்னான். கேட்டது சரிதானா என்று மறுபடி கிளிக் செய்தேன். பிறகு மரம் வெட்டச் சொன்னேன், ஆடு பிடிக்கச் சொன்னேன், ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டே இருந்தேன். அதற்குள் எதிரி அடுத்த யுகத்துக்கே போய்விட்டான். சுருள்வாள் வீரர்கள், திரிசடைக் கப்பல், ராஜேந்திர சோழன் கதை எல்லாம் உண்டு. கேம் பிறந்து 23 வருடம் கழித்து இது நடந்தது. அந்த மோட் செய்தவர்கள் அன்றைக்குச் சும்மா இருந்திருந்தால் என் மொழி அதற்குள் வந்திருக்காது.

* * *

ஒரு வருத்தத்தையும் பதிந்து வைக்கிறேன். சுய்கோடன் தொடர் என் உயிர். 108 பேரைத் தேடித் தேடிச் சேர்த்து, பாழடைந்த கோட்டையை ஊராக வளர்க்கிற கேம். ஒருவர் வந்தால் கடை திறக்கும், இன்னொருவர் வந்தால் குளியலறை கட்டப்படும். தொடர் ஓய்ந்த பிறகு, அதை உருவாக்கிய யோஷிடகா முராயாமா 2020-ல் எய்யுடென் கிரானிக்கிள் என்று அதே உணர்வில் ஒரு கேமை கிக்ஸ்டார்ட்டரில் அறிவித்தார். கேம் 2024 ஏப்ரலில் வந்தது. அவர் அந்தப் பிப்ரவரியிலேயே காலமாகிவிட்டார்.

கேமைத் தொடங்க எனக்குச் சில நாட்கள் மனம் வரவில்லை. தொடங்கிய பிறகு ஒவ்வொரு புது ஆளும் வந்து சேரும்போது, இவரையும் அவர்தான் யோசித்திருப்பார் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. சில நாயகர்களிடம் தேவைக்கு மேல் பேசிக்கொண்டிருந்தேன்.

2025 மார்ச்சில் சுய்கோடன் முதல் இரண்டு பாகங்களும் புதுப்பிக்கப்பட்டு வந்தன. முதல் பாகத்தை ஆடிச் சேமித்த சேவ் கோப்பு கையில் இருந்தால் அந்தப் பாகத்து நாயகனை இரண்டாம் பாகத்தில் சந்திக்கலாம், அதனால் வரிசையாகவே ஆடுகிறேன். இப்போது இரண்டாம் பாகத்தில் இருக்கிறேன். க்ளைவ் என்ற பாத்திரத்தின் கிளைக்கதைக்கு நேரக் கெடு உண்டு என்பது பழைய ஆட்களுக்குத் தெரியும், அதனால் கோட்டையில் அதிகம் சுற்றாமல் ஓடிக்கொண்டிருக்கிறேன். அது முடிந்ததும் வந்து மற்றவர்கள் எழுதியதையும் படிக்கிறேன்.